மூன்றாம் வகுப்புப் பையனுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன், ஊரை விட்டுக் கிளம்ப வேண்டிய நிலை: சொல்லிவிட்டுப் போவதா, மெல்லக் குறைத்துக்கொள்வதா?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம் பக்கம்)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். இதை முன்பு செய்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் உங்கள் அனுபவம் வேண்டும்.

கொரோனா சமயத்தில் சென்னையிலிருந்து ஊருக்கு வந்தவன், வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டேன். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். மார்கழியில் நடந்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தலைமை ஆசிரியை, "பின்தங்கின பிள்ளைங்க அஞ்சாறு பேர் இருக்காங்க. ஒரு பிள்ளைக்கு ஒருத்தர்னு வாரத்துல ரெண்டு சாயங்காலம் வந்து உக்காந்தா போதும்" என்று கேட்டார். நான் பெயர் கொடுத்தேன். பொங்கல் கழித்துத் தொடங்கினோம். திங்கள், வியாழன், மாலை நாலரை முதல் ஐந்தரை வரை, பள்ளித் தாழ்வாரத்தில்.

பையனுக்கு எட்டு வயது. அப்பா குவைத்தில். அம்மா வயல் வேலைக்குப் போகிறார். இப்போது உளுந்து பறிக்கும் நாள், விடியுமுன் கிளம்பினால் வெயில் சாய்ந்துதான் வருகிறார். பையன் அப்பாயியின் பொறுப்பில் இருக்கிறான்.

முதல் மூன்று வாரம் பேச்சே இல்லை. எது கேட்டாலும் தலையை ஆட்டுவான். எழுத்து தெரியும். ப, ட, ம் என்று தனித்தனியாகச் சொல்வான். சேர்த்தால் "படம்" வராது. நானும் அட்டை, புத்தகம், மொபைலில் கதை என்று எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். மாசி மாதம் ஒரு நாள் நெல் கொள்முதல் நிலையத்து லாரி பள்ளி வாசலில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே, "எங்க சித்தப்பா 62 சிப்பம் போட்டாரு சார்" என்றான். ஒரு சிப்பம், அதாவது ஒரு மூட்டை நெல், எத்தனை கிலோ என்று கேட்டேன். நாற்பது என்றான். "அப்ப மொத்தம்?" கொஞ்ச நேரம் விரலை மடக்கி, "பத்து சிப்பம் நானூறு, அறுபது சிப்பம் ரெண்டாயிரத்து நானூறு, மிச்சம் ரெண்டுக்கு எம்பது" என்று சொன்னான். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் நாலாம் வாய்ப்பாட்டிலேயே நிற்கிற பையன்!

அன்றிலிருந்து பேசுகிறான். இப்போது நான் வருவதற்கு முன்பே மதகில் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

பிரச்சினை இதுதான். மே முதல் நாளிலிருந்து எல்லோரும் சென்னை அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வேலையை விடும் நிலையில் நான் இல்லை. நண்பர் ஒருவர், "வாரம் ஒருநாள், அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒருநாள்னு குறைச்சுக்கோ. சின்னப் பையன், தானா மறந்துடுவான்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் மதகில் உட்கார்ந்திருக்கிறவனிடம் போய் "நான் போகப்போறேன்" என்று எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. இன்னும் அவனுக்கு வாசிக்கவும் வரவில்லை. தொடங்கியதே தப்போ என்று இரவில் தோன்றுகிறது.

தாளடி (மன்னார்குடி)

நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. இருக்கும் வரைக்கும் சொல்லிக்கொடுங்கள், கிளம்பும் நாளில் கிளம்புங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருந்தால்தான் அழுகை வரும். டெல்டாவில் எந்த வீட்டில் ஆள் கிளம்பவில்லை? சிங்கப்பூர், குவைத், திருப்பூர் என்று போகாத குடும்பம் எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் வளரத்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்பதை அரசாங்கம் சரிசெய்ய வேண்டும். அந்த ஓட்டையை நீங்களும் நானும் சாயங்கால நேரத்தில் அடைத்துக்கொண்டிருந்தால், ஓட்டை இருப்பதே மேலே இருப்பவர்கள் கண்ணில் படாது.

சாக்பீஸ் (பாபநாசம்)

தம்பி, நான் தொடக்கப் பள்ளியிலேயே 36 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் வாசிப்பு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நீங்கள் நினைப்பதைவிட நெருங்கிவிட்டீர்கள்.

கண்ணையும் காதையும் சோதித்தார்களா? இதைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்பார்கள், முதலில் கேட்க வேண்டும். நாலாம் வகுப்பில் ஒரு பெண், கூப்பிட்டால் திரும்பாது, சொல்வதெழுதலில் எல்லாம் தப்பு. மந்தம் என்று எழுதியே மூன்று வருஷம் மேலே அனுப்பியிருந்தோம். அந்த "எழுதியே"யில் நானும் உண்டு. குளத்தில் குளித்துக் குளித்துக் காதில் சீழ் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அரசு மருத்துவமனையில் மருந்து கொடுத்தார்கள். அடுத்த பருவத்தில் அந்தப் பெண் வேறு பிள்ளையாக இருந்தாள். அப்பாயியிடமும் தலைமை ஆசிரியையிடமும் சொல்லி ஒரு நாள் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

அப்புறம், தனி எழுத்து தெரியும், சேர்க்க வராது என்பது மூன்றாம் வகுப்பில் அபூர்வம் இல்லை. நம் எழுத்து 247 என்று பெருமையாகச் சொல்கிறோம், பிள்ளை பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அதன் பாரம் தெரியும். "கெ" என்று எழுதினால் கொம்பு முன்னால் நிற்கும், அதன் ஒலி பின்னால் வரும். "கொ" என்றால் இரண்டு பக்கமும் வந்து பிடித்துக்கொள்ளும். உகரத்தில் கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி. ஒரு விதி சொல்லிக் கொடுத்துவிட முடியாது, கண் பழகத்தான் வேண்டும். கண் பழக வேண்டுமென்றால் அந்தச் சொல் மேல் பிள்ளைக்கு ஆசை இருக்க வேண்டும்.

அட்டையையும் மொபைலையும் உள்ளே வையுங்கள். 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். கொள்முதல் நிலையத்தைப் பற்றி அவனைச் சொல்லச் சொல்லுங்கள். அவன் சொல்கிறபடியே, அவன் பேச்சிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். "சித்தப்பா சிப்பம் தூக்கினாரு. தார்ப்பாய் போட்டு மூடினாங்க." ஒரு பக்கத்துக்கு இரண்டு வரி, பெரிய எழுத்தில். பிறகு அவன் விரல் வைத்து வாசிக்கட்டும். என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும், அவன் சொன்னதுதானே. வாய் முன்னால் போகும், கண் பின்னாலேயே ஓடிவரும். நாலைந்து தடவை ஆனதும் "சிப்பம்" என்ற சொல்லை வேறு பக்கத்தில் தனியாக எழுதிக் காட்டுங்கள், பிடித்துவிடுவான். என்னிடம் படித்த எத்தனையோ பிள்ளைகளுக்கு இதுதான் கதவைத் திறந்தது.

வகுப்பு ஆசிரியரோடு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளுங்கள். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள். அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டு அதற்கு ஒத்துப்போகிற மாதிரி செய்யுங்கள். வகுப்பில் ஒன்று, தாழ்வாரத்தில் ஒன்று என்றால் பிள்ளை குழம்பும். அரசின் வாசிப்பு இயக்கத்துச் சின்னப் புத்தகங்கள் பள்ளிக்கு வந்திருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி. நோட்டு வாசிக்க வந்தபின் "நுழை"யில் ஒன்றைக் கையில் கொடுங்கள், அதற்கு முன்பு வேண்டாம்.

வீட்டில் அவனை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டீர்களா? உ.வே.சா. மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வைத்த பெயர் வேங்கடராமன். வீட்டில் வழங்குகிற பெயரைக் கேட்டு, பிள்ளையவர்கள் சாமிநாதன் என்றே கூப்பிடத் தொடங்கினார். நமக்கும் அந்தப் பெயர்தான் நிலைத்தது. வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரிடம் பிள்ளை வேறு மாதிரி இருக்கும்.

கிளம்புவதைப் பற்றி: குறைத்துக் குறைத்து நிறுத்துவது மட்டும் வேண்டாம். ஏன் என்று பிறகு எழுதுகிறேன், கண் வலிக்கிறது.

பூந்தோட்டம்

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கூத்தனூர் சரஸ்வதி கோயில். விஜயதசமிக்கு வந்து பாருங்கள், தட்டில் பரப்பிய நெல்லில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைக்க எவ்வளவு கூட்டம்! அந்த ஒரு நாள் விரலைப் பிடிக்க அப்பா, தாத்தா, மாமா எல்லோரும் இருக்கிறார்கள். மறுநாளிலிருந்து யார் பிடிப்பது என்பதுதான் கேள்வி. நீங்கள் பிடித்திருக்கிறீர்கள். தொடங்கியது தப்பு என்று மட்டும் நினைக்காதீர்கள்.

குடமுருட்டி (இப்போது திருச்சி)

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதியே ஆக வேண்டும். நான் செய்த தப்பு இது.

2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்றிலிருந்து எட்டு வரைக்கும் 2021 நவம்பரில்தான் திறந்தது. அதை ஒட்டி, பிள்ளைகளுக்கு வீட்டுப் பக்கத்திலேயே தன்னார்வலர் சொல்லிக்கொடுக்கிற இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. டிகிரி முடித்து வீட்டில் இருந்தேன். 2022 தை மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே மையம் வைத்தேன். 18 பிள்ளைகள். இரண்டாம் வகுப்பில் இருந்தாலும் பள்ளிக்கூடம் என்றால் என்ன என்றே தெரியாத பிள்ளைகள். பல்லாங்குழி வைத்துத்தான் கூட்டல் சொல்லிக்கொடுத்தேன். பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து முத்து, மொத்தம் எத்தனை? நாலு சேர்ந்தால் பசு. ஐந்தாம் வாய்ப்பாடு, நாலாம் வாய்ப்பாடு இரண்டும் அதிலேயே வந்துவிட்டது.

ஆவணியில் எனக்குக் கல்யாணம். பிள்ளைகளிடம் என்னவென்று சொல்வது என்று தெரியவில்லை. "ஊருக்குப் போயிட்டு வரேன்" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். தாலி கட்டித் திருச்சிக்கு வந்துவிட்டேன்.

அம்மா ஒரு மாதம் கழித்து ஃபோனில் சொன்னார். அஞ்சு மணியானால் நாலைந்து பிள்ளைகள் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுமாம். "அக்கா ஊருக்குத்தான போயிருக்கு, வந்துரும்" என்று அவர்களே சொல்லிக்கொள்வார்களாம். ஆறு மணிக்கு எழுந்து போவார்களாம். அதில் ஒரு பெண், இரண்டாம் வகுப்பு, கடைசியாக வந்த நாளில் அம்மாவிடம், "நான் சத்தம் போட்டேன்ல, அதனாலதான் அக்கா வரலையா?" என்று கேட்டிருக்கிறாள்.

அன்றைக்கு நான் அழுத அழுகை என் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். நாம் காரணம் சொல்லாமல் போனால் பிள்ளைகளே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்ளும். அது எப்போதும் தன்மேல் போட்டுக்கொள்கிற காரணமாகத்தான் இருக்கும். அடுத்த தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அவளைத் தேடிப்போய்ச் சொன்னேன். "எனக்குத் தெரியும்க்கா" என்றாள். அவளுக்குத் தெரிந்திருந்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

தயவுசெய்து சொல்லிவிட்டுப் போங்கள். தேதி சொல்லுங்கள். காரணம் சொல்லுங்கள். உன்னால் இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், அவன் கேட்காவிட்டாலும்.

அரசலாறு (கும்பகோணம்)

கல்லூரியில் சமூகப்பணி கற்பிக்கிறேன். குடமுருட்டி எழுதியதை என் மாணவிகளுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன்.

இதைப் பற்றி அமெரிக்காவில் ஜீன் கிராஸ்மேன், ஜீன் ரோட்ஸ் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று சேர்த்துவிடும் பழைய அமைப்பு ஒன்றில், 10 முதல் 16 வயது வரை உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஒரு வருஷமோ அதற்கு மேலோ நீடித்த உறவில்தான் நன்மை அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்துபோனவற்றில், பிள்ளைகள் தன்னைப் பற்றி வைத்திருந்த மதிப்பு முன்பைவிடக் குறைந்திருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளையோ எட்டு வயதுப் பிள்ளைகளையோ பார்த்துச் செய்ததில்லை அது. ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் கேட்டதும் இதுவும் ஒன்றுதான்.

அதனால் என் மாணவிகளைக் களத்துக்கு அனுப்பும்போது முதல் நாளே "நான் சித்திரை வரைக்கும் வருவேன்" என்று பிள்ளையிடம் சொல்லச் சொல்கிறேன். ஆரம்பத்திலேயே முடிவைச் சொன்னால் பிள்ளை ஒட்டாது என்று பலர் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை ஒட்டத்தான் செய்கிறது, நம்பியும் ஒட்டுகிறது. நீங்கள் முதல் நாள் சொல்லவில்லை, பரவாயில்லை. இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அது நல்ல அவகாசம்.

இதைப் படித்துப் புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வெண்ணாற்றங்கரை தாழ்வாரத்தில் உட்காருவது மிகச் சரி. நாலு பேர் கண்ணில் படுகிற இடம்தான் வேண்டும். பிள்ளையைத் தனியாக வண்டியில் ஏற்றிப் போவது, வீட்டுக்கு அழைப்பது, படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவது எதுவும் கூடாது. எவ்வளவு நல்ல மனசாக இருந்தாலும் கூடாது. பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமை எதையாவது உங்களிடம் சொன்னால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். பாலியல் கொடுமை என்றால் 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் புகார் செய்வது கட்டாயம்.

தாளடி (மன்னார்குடி)

ஆய்வெல்லாம் சரி. நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆசிரியர் பற்றாக்குறையைத் தன்னார்வலர் வைத்து மூடலாமா?

சாக்பீஸ் (பாபநாசம்)

மூடக் கூடாது. அதில் உங்கள் பக்கம்தான் நான். 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்றுதான் இருக்கிறது. 61 ஆனால்தான் மூன்றாவது ஆள். தலைக்கணக்கில் பார்த்தால் 30 பிள்ளைக்கு ஒருவர், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்றாம் வகுப்புக்கு "அ" எழுதிக் காட்டிக்கொண்டே ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்த வேண்டும் என்பது அந்தக் கணக்கில் வராது. ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் பள்ளி முழுக்க ஒருவர். நான் அப்படி எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கேட்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுக் கேளுங்கள், அதற்கு அந்தக் குழுவுக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் ஐந்து ஆசிரியர் வந்தாலும் இந்தத் தம்பி செய்வதை அவர்களால் செய்ய முடியாது. 62 சிப்பத்துக்குக் கணக்குப் போட்ட நேரத்தில் பக்கத்தில் வேறு வேலை இல்லாமல் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார் பாருங்கள், அது ஆசிரியர் வேலை இல்லை. முன்பு தாத்தாக்கள் அதைச் செய்தார்கள்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். மெல்லக் குறைத்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒவ்வொரு திங்களும் பிள்ளை மதகில் வந்து உட்காரும். வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் உட்காரும். ஒரு தடவை அழுவதற்குப் பதிலாக எட்டுத் தடவை ஏமாறும். கடைசியில் மறக்கும், ஆமாம். பெரியவர்கள் சொன்ன நேரத்துக்கு வருவார்கள் என்பதையும் சேர்த்து மறக்கும்.

அக்கரைப்பேட்டை (நாகப்பட்டினம்)

இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று எனக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டில் யார் போனார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. தற்காலிகக் குடியிருப்பில் இருந்தபோது எங்களைப் பார்க்க எத்தனையோ பேர் வந்தார்கள். பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள், படம் வரையச் சொன்னார்கள், தலையைத் தடவினார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான். ஒரு வாரம், பத்து நாள் இருப்பார்கள். அப்புறம் வேன் வராது. அடுத்த வாரம் வேறு வேன், வேறு ஆட்கள், திரும்பவும் "உன் பேர் என்ன?" கொஞ்ச நாளில் நாங்கள் யாருடைய பேரையும் கேட்டுக்கொள்வதை விட்டுவிட்டோம்.

ஓர் அண்ணன் மட்டும் வேறு மாதிரி. மதுரைப் பக்கத்துக் கல்லூரிப் பையன். வந்த முதல் நாளே தரையில் குச்சியால் கோடு போட்டு, "நான் பங்குனி கடைசி வரைக்கும் இருப்பேன், இத்தனை ஞாயித்துக்கிழமை" என்று காட்டினார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கோட்டை அழிப்போம். எங்களுக்குக் கடல் பக்கம் போகப் பயம். அவர் கூட்டிப் போகவில்லை, போகச் சொல்லவும் இல்லை. தூண்டில் முள்ளில் எத்தனை வகை, வலையில் எத்தனை வகை என்று எங்களைக் கேட்பார், நாங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். எங்களுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை என்பதே எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. கடைசிக் கோட்டை அழித்த அன்று நான் நன்றாக அழுதேன். அவரும் அழுதார். அந்த நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. ஆனால் எங்களை விட்டுப் போனவர்களில் சொல்லிவிட்டுப் போனவர் அவர் ஒருவர்தான். அந்த வருஷத்தில் எங்களிடம் சொல்லிவிட்டுப் போனது வேறு யாரும் இல்லை, எதுவும் இல்லை. சொல்லிவிட்டுப் போவதென்றால் என்னவென்று அவரால்தான் எனக்குத் தெரிந்தது.

இன்று எனக்கும் பெண் குழந்தை இருக்கிறாள். வெளியூர் கிளம்பினால் எழுப்பிச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம் பக்கம்)

எல்லோருக்கும் நன்றி. அக்கரைப்பேட்டை அண்ணே, உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். நோட்டும் வாங்கிவிட்டேன், மூன்று பக்கம் ஆகியிருக்கிறது. "தார்ப்பாய்" என்ற சொல்லை நேற்று எழுத்துக் கூட்டாமல் படித்தான்! கண்ணுக்கும் காதுக்கும் அப்பாயி வருகிற சனிக்கிழமை கூட்டிப் போகிறேன் என்றார். பையனுடைய வீட்டுப் பேரும் தெரிந்துகொண்டேன், அதை இங்கே எழுதவில்லை.

இரண்டு சந்தேகம். போன பிறகு ஃபோன் பண்ணுகிறேன் என்று சொல்லலாமா? இரவு ரயிலில் ஏறினால் காலையில் நீடாமங்கலம், மாதம் ஒரு தடவை வர முடியும் என்றும் நினைக்கிறேன். அதையும் சொல்லலாமா?

குடமுருட்டி (இப்போது திருச்சி)

நிச்சயமாகச் செய்ய முடிகிறதை மட்டும் சொல்லுங்கள். மாதம் ஒரு தடவை என்று சொல்லி ஆடியில் ஒரு தடவை தவறினால் திரும்பவும் திண்ணைதான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எப்படியும் ஊருக்கு வருவீர்கள் அல்லவா, அதைச் சொல்லுங்கள். அதற்கு மேல் வந்தால் அவனுக்குச் சந்தோஷம்.

உங்கள் இடத்துக்கு வேறொருவர் கிடைத்தால், கடைசி நாலைந்து தடவை அவரையும் கூட உட்கார வையுங்கள். நீங்கள் போனபிறகு புது ஆள் வந்து "உன் பேர் என்ன?" என்று கேட்கும்படி விடாதீர்கள்.

தாளடி (மன்னார்குடி)

நான் முதலில் எழுதியதில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். ஆசிரியர் விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. மற்றதைச் சொல்கிறேன்.

"எழுப்பிச் சொல்லிவிட்டுப் போகிறேன்" என்ற வரியைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது. என் அப்பா சிங்கப்பூர் போனபோது எனக்கு ஏழு வயது. நான் அழுவேன் என்று தூங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட்டார். காலையில் எழுந்தால் கொடியில் அவர் சட்டை இல்லை. அம்மா, "கடைத்தெருவுக்குப் போயிருக்காரு" என்றார். என் நல்லதுக்குத்தான் செய்தார்கள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வெகுநாள் இரவில் முழித்து முழித்து அம்மா பக்கத்தில் படுத்திருக்கிறாரா என்று தொட்டுப் பார்ப்பேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டிலும் சொன்னதில்லை.

அந்தப் பையன் அப்பாவும் குவைத்தில் என்று எழுதியிருந்தீர்கள். அவர் எப்படிக் கிளம்பினார் என்று நமக்குத் தெரியாது. நீங்கள் சொல்லிவிட்டே போங்கள்.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம் பக்கம்)

சொல்லிவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

போன வாரம் திங்கள்கிழமை. நோட்டு எழுதி முடித்த பிறகு, "ஒரு விஷயம் சொல்லணும்" என்று தொடங்கினேன். ஏப்ரல் 30 வரைக்கும்தான் வருவேன், அப்புறம் வேலைக்காகச் சென்னை போகிறேன், நீ செய்த எதனாலும் இல்லை, ஆபீஸில் எல்லோரையும் கூப்பிடுகிறார்கள், தீபாவளிக்கு வருவேன் என்று சொன்னேன். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்று விரலில் எண்ணிக் காட்டினேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வியாழக்கிழமை மதகில் ஆள் இல்லை. பள்ளிக்கு வந்திருந்தான், மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவிட்டான் என்று தலைமை ஆசிரியை சொன்னார். தேடிப் போகலாமா என்று நினைத்தேன், போகவில்லை. ஐந்தரை வரைக்கும் தாழ்வாரத்திலேயே நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு மணி நேரம் மிகவும் நீளமாக இருந்தது. அங்கிருந்து பார்த்தால் அவன் வீட்டு வாசல் தெரியும். அவன் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தாழ்வாரமும் தெரியும்.

இன்று வந்தான். மதகில் உட்காரவில்லை, நேராகத் தாழ்வாரத்துக்கே வந்தான். "அப்பாயி காலண்டர்ல வட்டம் போட்டுட்டேன் சார்" என்றான். எத்தனை வட்டம் என்று கேட்டேன்.

"ஒம்போது."

"எட்டுதானடா வரணும், வியாழக்கிழமை போயிடுச்சே?"

"அதக் கணக்குல சேக்காதீங்க. அன்னைக்கி நான் வரல. அதுக்கு ஒரு நாள் நீங்க சேத்து வரணும்."

சேர்த்துக்கொண்டேன். 25ஆம் தேதி சனிக்கிழமை. அன்று பள்ளி பூட்டியிருக்கும், தாழ்வாரக் கதவை மட்டும் திறந்துவைக்கத் தலைமை ஆசிரியை ஒத்துக்கொண்டார். எங்கள் தெருவில் பி.எட். படிக்கும் தங்கச்சி ஒன்று அடுத்த வாரத்திலிருந்து கூட வந்து உட்காருகிறேன் என்றிருக்கிறது. அவள் அடுத்த வருஷம் சித்திரை வரைக்கும் ஊரில்தான் இருப்பாளாம், அதையும் அவனிடம் தேதியோடு சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

சாக்பீஸ் டீச்சர், நோட்டில் 11 பக்கம் ஆகிவிட்டது. இன்றைய பக்கத்தில் அவன் சொல்லச் சொல்ல எழுதியது: "சார் மெட்ராஸ் போறாரு. எங்க அப்பா குவைத்து போனாரு. நான் எங்கயும் போகல. நான் மதகுல இருக்கேன்." விரல் வைத்து அவனே வாசித்தான். "குவைத்து" என்ற இடத்தில் மட்டும் ஒரு தடவை நின்றான்.